மிக்கி மேஜைக்கு வரும்போது தட்டைக் கீழே வையுங்கள்

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம். நான், கணவர், பத்து வயது மகள், இரண்டரை வயது மகன், மாமனார், மாமியார் என மொத்தம் ஆறு பேர். மிக்கி மவுஸோடு சாப்பிடும் பஃபேக்கு ஆள் கணக்கில் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அவ்வளவு செலவழித்துப் போகத்தான் வேண்டுமா?

பதில்: சாப்பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முட்டை, வாஃபிள், பழங்கள், பாஸ்தா, கண்ணெதிரே வெட்டித் தரும் இறைச்சி என்று எந்த நல்ல பஃபேயிலும் இருப்பதுதான் அங்கும் இருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஐம்பது டாலரைத் தாண்டும், வரியும் டிப்ஸும் தனி. ஆனால் நீங்கள் கொடுக்கும் பணம் சாப்பாட்டுக்கு இல்லை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட அந்த நாட்களில் அங்கே கூட்டம் நெரியும். தீம் பார்க்குக்குள் மிக்கியோடு ஒரு படம் எடுக்கவே நீண்ட வரிசை, வயதானவர்களையும் சின்னப் பையனையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது? பஃபேயில் நீங்கள் உட்கார்ந்த இடத்துக்கே மிக்கியும் கூட்டாளிகளும் ஒவ்வொருவராக வருகிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம், அதனால் ஒரே ஒரு வேளை கட்டாயம் போங்கள். இரண்டாவது வேண்டாம்.

எங்கே என்றால், டிஸ்னியின் கன்டெம்பரரி ஹோட்டலில் இருக்கும் ஷெஃப் மிக்கீஸ் என்ற உணவகம்தான் என் முதல் தேர்வு. மிக்கி, மின்னி, டொனால்ட், கூஃபி, புளூட்டோ ஐவரும் வருவார்கள். ஹோட்டலுக்குள் இருப்பதால் பார்க் டிக்கெட் தேவையில்லை, ஆகவே பார்க்குக்குப் போகாத ஓய்வு நாளில் இதை வைத்துக்கொள்ளலாம். 1971-இல் அங்குள்ள மேஜிக் கிங்டம் பார்க் திறந்தபோதே திறந்த ஹோட்டல் அது, மோனோரயில் (ஒற்றைத் தண்டவாள ரயில்) கட்டடத்தின் உள்ளேயே புகுந்து போகும், உங்கள் மகன் அதைப் பார்த்தே பாதி வயிறு நிறைந்துவிடுவான். பண்டிகைக் கோலம் வேண்டுமென்றால் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பார்க்குக்குள் ஹாலிவுட் அண்ட் வைன் என்று ஒன்று இருக்கிறது, அந்தப் பருவத்தில் மின்னியும் கூட்டாளிகளும் கிறிஸ்துமஸ் உடையில் வருவார்கள். ஆனால் அதற்குப் பார்க் டிக்கெட் வேண்டும்.

செலவுக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குக் காசு இல்லை, அதனால் மகன் இலவசம். மூன்றிலிருந்து ஒன்பது வரைதான் குழந்தைக் கட்டணம், பத்து ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். ஆக நீங்கள் ஐந்து பெரியவர்களுக்குக் கட்ட வேண்டியிருக்கும். ஆறு பேராகப் போவதால் பில்லிலேயே 18 சதவீத டிப்ஸையும் சேர்த்துவிடுவார்கள், அதைப் பார்க்காமல் மேலே ஒரு டிப்ஸ் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் முன்பதிவு. 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும், டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் அங்கே போய்ச் சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே, தங்கும் நாட்களுக்கெல்லாம் சேர்த்து (பத்து நாள் வரை) எடுத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே உட்காராவிட்டால் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டாலும் விடாதீர்கள், திட்டம் மாறியவர்கள் கடைசி நாட்களில் ரத்து செய்வார்கள், டிஸ்னி ஆப்பில் அடிக்கடி எட்டிப் பாருங்கள். வேண்டாம் என்று தோன்றினால் நேரத்தோடு ரத்து செய்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஆள் கணக்கில் கார்டில் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். பாதிப் பேர் கவுன்ட்டரில் நிற்கும்போது மிக்கி வந்து போய்விட்டால், அவர் மறுபடி உங்கள் பக்கம் வர ஒரு சுற்று முடிய வேண்டும். இரண்டிரண்டு பேராகப் போய் வாருங்கள். யார் பக்கத்து மேஜைக்கு வந்துவிட்டார் என்று ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். மகளின் ஆட்டோகிராஃப் நோட்டுக்குத் தடிமனான பேனா எடுத்துப் போங்கள், அந்தப் பெரிய கையுறை விரல்களுக்கு மெல்லிய பேனா பிடிபடாது. வெற்றுப் பக்கத்தைத் திறந்து, மூடியைக் கழற்றித் தயாராக நீட்டினால், தேடும் நேரம் மிச்சமாகிக் கட்டிப்பிடிக்க நேரம் கிடைக்கும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பஃபேயில் பட்டினிதானா?

பதில்: பட்டினி இல்லை, ஆனால் கேட்காமல் எடுக்காதீர்கள். பார்க்கக் காய்கறியாகத் தெரியும் சூப்பில் சிக்கன் ஸ்டாக் (சிக்கனை வேகவைத்த சாறு) இருக்கலாம், பீன்ஸில் பேக்கன் என்ற பன்றி இறைச்சி கிடக்கலாம், மார்ஷ்மெல்லோவில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு, வாஃபிளில் முட்டை. முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் மறுபடியும் சொல்லுங்கள். “வெஜிடேரியன்” என்று மட்டும் சொன்னால் முட்டை சாப்பிடுவீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள், ஆகவே முட்டை, மீன், இறைச்சி ஸ்டாக் எதுவும் கூடாது என்று பிரித்துச் சொல்வது நல்லது. ஷெஃபைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், எதை எடுக்கலாம் எதைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லுவார், தேவைப்பட்டால் உள்ளிருந்து தனியாகச் செய்தும் தருவார்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை, அவர்களுக்கு இது அன்றாட வேலை.

கேள்வி: என் மூன்று வயதுப் பெண் டிவியில் கூஃபியைப் பார்த்தால் குதிப்பாள். நேரில் பார்த்தால் அழுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அழலாம். டிவியில் உள்ளங்கை அளவு இருந்தவர் திடீரென்று அப்பாவைவிட உயரமாக, வாயே திறக்காமல் வந்து நின்றால் எந்தக் குழந்தைக்கும் திக்கென்றுதான் இருக்கும். அவளை வழியோரம் உட்கார வைக்காதீர்கள், சுவர்ப் பக்கம் உங்களுக்கு அந்தப்புறம் உட்கார வையுங்கள். கூடவே வரும் ஊழியரிடம் “கொஞ்சம் பயப்படுகிறாள்” என்று சொன்னால் போதும், தள்ளி நின்று கையசைத்துவிட்டுப் போவார்கள், சிலர் கண்ணைப் பொத்திக் கண்ணாமூச்சி காட்டுவார்கள். தூக்கிக் கொண்டுபோய் கையில் திணித்துப் படம் எடுக்க மட்டும் முயலாதீர்கள். பக்கத்து மேஜைக் குழந்தை கட்டிப்பிடிப்பதைப் பார்த்துவிட்டு அவளே கடைசியில் ஒரு விரலை நீட்டித் தொடலாம், தொடாமலேயும் போகலாம், இரண்டும் சரிதான்.