மல்லி மொட்டு ஊதாவாகிக் கருகுவது ஏன்? உரம் போடும் முன் மொட்டைக் கிழித்துப் பாருங்கள்

கேள்வி: திருச்சியில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளில் இப்படித் தோட்டம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் யார் வீட்டில் எது பூத்தாலும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம். என்னிடம் மூன்று வயதான குண்டுமல்லிச் செடிகள் நான்கு இருக்கின்றன. எல்லாம் 12 அங்குலக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளில்தான். போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். நிறைய மொட்டு வைத்தும் பாதிக்கு மேல் ஊதா நிறமாகி, விரியாமலே கருகி உதிர்கிறது. துளிர் இலையெல்லாம் மஞ்சளாக இருக்கிறது. சத்துக் குறைவு என்று நினைத்து வாரம் ஒரு ஸ்பூன் டி.ஏ.பி. உரம் போட்டு வருகிறேன், பலன் இல்லை. பக்கத்து வீட்டில் ‘இப்பவே ஒட்ட வெட்டிவிடுங்கள்’ என்கிறார்கள். செம்பருத்தியிலும் மொட்டு உதிர்கிறது. இரண்டு வீட்டார் மல்லிக் குச்சி கேட்டிருக்கிறார்கள், இப்போது வெட்டிக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் டி.ஏ.பி.யை நிறுத்துங்கள். கத்திரியையும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். உங்கள் செடிக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகள் வந்திருக்கின்றன. மொட்டு கருகுவதற்குக் காரணம் பூச்சி. துளிர் மஞ்சளாவதற்குக் காரணம் தண்ணீரும், நீங்கள் போட்ட டி.ஏ.பி.யும். இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்து உரம் போட்டதால்தான் பலன் கிடைக்கவில்லை.

காலையில் ஊதா நிறம் ஏறிய மொட்டுகள் பத்தைப் பறித்து, ஒரு வெள்ளைத் தாளில் வைத்து ஊசியால் நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். மொட்டின் மேல் உருண்டையான சிறு துளையும், உள்ளே பச்சை உடலும் கறுப்புத் தலையுமாக ஒரு புழுவும், அதன் எச்சமும் இருந்தால் அது மொட்டுப்புழு. கொத்தில் உள்ள இரண்டு மூன்று மொட்டுகளை மெல்லிய நூலால் சேர்த்துக் கட்டியது போல இருக்கும், அதுவும் இதன் வேலைதான். துளையே இல்லாமல், மொட்டின் அடிப்பாகம் மட்டும் தடித்து, மொட்டு வளராமல் குறுகி நின்றால் அது மொட்டு ஈ. அடிப்பாகத்தைக் கிழித்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் சின்னஞ்சிறு புழுக்கள் நெளியும். கோடையில் இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும். உங்கள் தெருவில் பிச்சி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். பிச்சி மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பாக இருப்பது அதன் இயல்பு. குண்டுமல்லி மொட்டு பால்வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

மருந்தைவிட முக்கியம் பொறுக்குவது. ஊதாவான மொட்டு, நூல் கட்டிய கொத்து, தொட்டியிலும் தரையிலும் உதிர்ந்து கிடப்பது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் உச்சி வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் சேருங்கள். உரக்குழியில் போட்டால் பூச்சியை நீங்களே வளர்த்தது போலாகிவிடும். மொட்டு ஈயின் புழு, மொட்டைவிட்டு இறங்கி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அதனால் தொட்டியின் மேல்மண்ணை ஓர் அங்குல ஆழத்துக்குக் கிளறிவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு தொட்டிக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூளைக் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். வீட்டுத் தோட்டத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மேலே எவ்வளவு தெளித்தாலும் கீழே மண்ணிலிருந்து அடுத்த தலைமுறை ஏறி வந்துவிடும்.

தெளிப்பதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். தோல் நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்து ஒன்றிரண்டாக இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். மறுநாள் மாலை முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி சேர்த்து வடிகட்டி, அன்றே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். பருப்பு கிடைக்காவிட்டால் வேப்பெண்ணெய் 5 மில்லி. இதில் பெரும்பாலும் நடக்கும் தவறு, எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றுவது. அது மேலே மிதந்து, தெளிப்பானின் கடைசித் தண்ணீரில் வெறும் எண்ணெயாக வந்து இலையைப் பொசுக்கிவிடும். முதலில் எண்ணெயையும் 2 மில்லி சோப்புக் கரைசலையும் ஒரு கிண்ணத்தில் நன்றாக அடித்து, பால் போல வெளுத்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள்.

மாலை 5 மணிக்குப் பிறகுதான் தெளிக்க வேண்டும். வேம்பின் கசப்புச் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், எண்ணெய் பட்ட இலையும் வெயிலில் கருகும். மொட்டு அரிசி அளவில் இருக்கும்போதே முதல் தெளிப்பு விழ வேண்டும். புழு உள்ளே போன பிறகு எந்த மருந்தும் அதைத் தொடாது. வாரம் ஒரு முறை, மூன்று முறை தெளியுங்கள். தெளிக்கும் நாளில் காலையிலேயே பறிக்க வேண்டிய மொட்டைப் பறித்துவிடுங்கள். தலையில் வைக்கும் பூ என்பதால், வயலில் அடிக்கும் கடுமையான பூச்சிமருந்து எதையும் மாடிக்குக் கொண்டு வர வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி மஞ்சள் இலை. துளிர் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. அடி இலை முதலில் மஞ்சளானால் அது வேறு, தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்திருக்கும். இலை முழுக்க ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் அது சிலந்திப் பேன். அதற்கு மூன்று நாளைக்கு ஒரு முறை காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி குறைந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பது துளிர் மஞ்சள். மண்ணில் இரும்பு இல்லாமல் போய்விடவில்லை. உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரை மூன்று வருடம் ஊற்றியதில் மண் காரத்தன்மை ஏறி, இருக்கும் இரும்பை வேர் எடுக்க முடியாதபடி பூட்டிவிட்டது. அதன் மேல் டி.ஏ.பி. போட்டதால் மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்து பூட்டு இன்னும் இறுகிவிட்டது.

தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பை மேல்மண்ணோடு சுரண்டி எறியுங்கள். கோடை மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால், தொட்டிக்கு 20 லிட்டர் வரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே உப்பு கழுவிப் போகும்படி விடுங்கள். வேப்பம் புண்ணாக்கு போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். பிறகு அன்னபேதி உப்பு. கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டாலும் தருவார்கள். ஒரு லிட்டர் மழைநீரில் அல்லது கேன் தண்ணீரில் முதலில் அரை எலுமிச்சம்பழச் சாறைப் பிழிந்து, அதன் பிறகு 5 கிராம் உப்பைக் கரையுங்கள். கரைசல் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். துருப்பிடித்த தண்ணீர் போலப் பழுப்பாகிவிட்டால் அதில் பயனில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். போர் தண்ணீரில் நேராகக் கரைப்பவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது. மாலையில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளித்து, 15 நாளுக்கு ஒரு முறை, துளிர் பச்சையாக வரும்வரை தொடருங்கள். வேப்பங்கரைசலோடு கலக்க வேண்டாம், இரண்டுக்கும் நடுவே மூன்று நாள் இடைவெளி இருக்கட்டும். அன்னபேதிக் கரைசல் வெள்ளைப் பூவிலும் தரை ஓட்டிலும் பட்டால் கறை போகாது.

தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குண்டுமல்லிக்கு 12 அங்குலம் போதாது, 16 அல்லது 18 அங்குலம் வேண்டும். ஆனால் இந்த வெயிலில் மாற்றினால் வேர் அறுந்து செடி துவளும். ஆடி, ஆவணியில் மழை விழுந்ததும் மாற்றுங்கள். அதுவரை தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கான்கிரீட் தளத்தின் சூடும் கறுப்பு பிளாஸ்டிக்கின் சூடும் சேர்ந்து ஓரத்து வேரை வேகவைத்துவிடும். பக்கவாட்டில் ஈரச் சாக்கைச் சுற்றி, மண்மேல் இரண்டு அங்குலம் சருகோ தேங்காய் நாரோ பரப்புங்கள். காலை 7 மணிக்கு முன் தண்ணீர் ஊற்றுங்கள். 12 அங்குலத் தொட்டிக்கு இப்போது இரண்டிலிருந்து மூன்று லிட்டர் பிடிக்கும். மாலையில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் இன்னொரு லிட்டர். வெயிலுக்குப் பரிதாபப்பட்டு மல்லியைப் பச்சை வலைக்குள் வைத்துவிடாதீர்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் இல்லாவிட்டால் இலைதான் வரும், மொட்டு வராது. மதிய நிழல் கேட்பது ரோஜாதான்.

பக்கத்து வீட்டார் சொன்னது பொய்யில்லை, காலம்தான் தவறு. குண்டுமல்லியைக் கவாத்து செய்வது நவம்பர் கடைசி வாரத்தில். வயலில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டுவார்கள், தொட்டியில் ஓர் அடி, ஒன்றரை அடி விட்டால் போதும். முல்லைக்கு ஜனவரி கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி. இப்போது ஒட்ட வெட்டினால், நுனியில் மொட்டு வைக்கத் தயாராக இருக்கும் கிளை முழுக்கப் போய், இந்தப் பருவமே வீணாகும். இப்போதைக்குப் பூத்து முடிந்த ஒவ்வொரு கொத்தையும் அதற்குக் கீழே இரண்டு கணு சேர்த்துக் கிள்ளுங்கள். அந்தக் கணுக்களிலிருந்து வரும் பக்கத் துளிர்களின் நுனியில்தான் அடுத்த மொட்டு.

உரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, துளிர் பச்சையான பிறகு போடலாம். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, அந்தக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, தொட்டிக்கு அரை லிட்டர், 15 நாளுக்கு ஒரு முறை. ஈர மண்ணில்தான் ஊற்ற வேண்டும், காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம். இதற்கு மேல் போனால் கொடி ஓடும், பூ குறையும்.

செம்பருத்தியில் துளிர் நுனியிலும் மொட்டுக் காம்பிலும் வெள்ளைப் பஞ்சு தெரிகிறதா, எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மாவுப்பூச்சி. நன்றாகப் பீடித்த நுனியை வெட்டி அதே பையில் போட்டுவிட்டு, மிச்சத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, காய்ந்ததும் லிட்டருக்கு 5 மில்லி சோப்புக் கரைசல் தெளியுங்கள். எறும்பை நிறுத்தாவிட்டால் மாவுப்பூச்சி நிற்காது. அதை எதிரிகளிடமிருந்து காப்பதும், செடிக்குச் செடி பரவ வழி செய்வதும் எறும்புதான். தொட்டி நிற்கும் செங்கலை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்தால் ஏறாது. கொசு வராமல் அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். இதற்கும் கடும் மருந்து வேண்டாம். 2008-ல் தமிழகத்துக்குள் வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எல்லாவற்றையும் வாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. மருந்து அடித்தால் முதலில் சாவது அந்த மாதிரிக் குளவிகள்தான். பஞ்சு ஏதும் தெரியாமல் மொட்டு மட்டும் உதிர்ந்தால் அது தண்ணீர் தவறியதால். ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றினாலும் செம்பருத்தி மொட்டை உதிர்த்துவிடும்.

குச்சி விஷயத்துக்கு வருவோம். இப்போது வெட்டிக் கொடுக்காதீர்கள். வைகாசி அனல்காற்றில் குச்சி வேர் விடுமுன் காய்ந்துபோகும் என்பது ஒன்று. உங்கள் பூச்சியும் சேர்ந்து தெரு முழுக்கப் போகும் என்பது அதைவிடப் பெரிது. மண்ணோடு தொட்டியை மாற்றிக்கொள்வதும் இப்போது கூடாது. குச்சி மழைக்காலத்தில்தான் தேறும். முற்றவும் இல்லாத, இளசாகவும் இல்லாத கிளையில் மூன்று கணு உள்ளதாக ஒரு சாண் நீளம் வெட்டி, மொட்டையும் அடி இலையையும் நீக்கி, ஆற்று மணலில் ஒரு கணு புதையும்படி சாய்த்து ஊன்ற வேண்டும்.

ஆனால் பதியம் இப்போதே போடலாம், தாய்ச்செடி தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பதால் காயாது. பூச்சி இல்லாத செடியில், தரையோரமாக உள்ள பென்சில் கனக் கிளையை வளைத்து, மண்ணில் படும் கணுவின் அடியில் ஓர் அங்குல நீளத்துக்குப் பாதி கனம் சீவி, பக்கத்துச் சிறு தொட்டியில் இரண்டு அங்குலம் புதைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். நுனி வெளியே நிற்க வேண்டும். ஈரம் காயாமல் இருந்தால் மூன்று, நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்துப் பக்கத்திலிருந்து மதுரைக்கும் மற்ற ஊர்களுக்கும் மல்லி நாற்று போவது பல காலமாக நடப்பது. அதனால் திருச்சியில் போட்ட பதியம் மதுரை மல்லி ஆகுமா என்று அண்டை வீட்டார் கேட்டால், ரகம் அதுதான் என்று சொல்லலாம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் மட்டும் அந்த மண்ணில் விளைந்த பூவுக்கு உரியது.

அதுவரை தெருவுக்குக் கொடுக்கப் பத்துமணிப்பூ இருக்கிறதே. மூன்று அங்குலத் தண்டாகக் கிள்ளி, அரை நாள் நிழலில் காயவைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் இந்த வெயிலிலேயே பத்து நாளுக்குள் வேர் விட்டுவிடும். ஊன்றிய அன்று ஒரு முறை தண்ணீர், பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும். தினமும் ஊற்றினால் தண்டு அழுகும்.