ஆய்வு மாணவர்களுக்கு எழுதக் கற்றுத்தர முடியுமா?

கேள்வி: அறிவியல் பிஎச்டி மாணவர்களுக்குக் கட்டுரை எழுதுவதைத் தனிப் பாடமாக நடத்தினால் பயன் உண்டா? இங்கிலீஷ்தான் பிரச்சினையா?

பயன் உண்டு, முதல் வருஷமே நடத்தினால். பெங்களூரில் உயிரியல் மாணவர்களுக்கு இந்த வகுப்பை எடுக்கிறேன். பலர் தீசிஸ் கொடுக்கும் நேரத்தில்தான் ஓடிவருவார்கள். அதற்குள் சோதனையெல்லாம் முடிந்து, மிச்ச மாதிரியைக்கூடத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

நான் முதலில் கேட்பது ஒரு படமும் அதற்குக் கீழே நாலு வரி விளக்கமும்தான். தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இலைச்சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்த்திருந்தாள். பார் கிராஃப், மேலே எரர் பார் (அளவு எவ்வளவு முன்பின் போகும் என்று காட்டும் கோடு), வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்லும் நட்சத்திரக் குறி எல்லாம் ஜோராக இருந்தது. "இந்தக் கோடு எஸ்டியா, எஸ்இயாம்மா?" என்றேன். (எஸ்டி, அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்வது; எஸ்இ, சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது.) "எக்செல் போட்டது மேடம்." மூன்று ரீடிங் என்று எழுதியிருந்தாள், விசாரித்தால், ஒரே கல்ச்சரை மூன்று பிளேட்டில் பரப்பியிருக்கிறாள். ஒன்றையே மூன்று தடவை அளந்தால் மூன்று ஆகிவிடுமா? சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை மட்டும் விட்டு ஒப்பிட்டுப் பார்க்க பிளேட்டில் ஒரு குழியும் இல்லை. கொன்றது சாறா, கரைப்பானா? நாலு வரி எழுத உட்கார்ந்ததால் இவ்வளவும் வெளியே வந்தது. முதல் வருஷம் என்பதால் திரும்பச் செய்ய நேரமும் இருந்தது.

இங்கிலீஷ் இரண்டாம் பட்சம். தமிழ்ப் பிள்ளைகளிடம், "என்ன கண்டுபிடிச்சேன்னு தமிழ்லயே சொல்லு" என்பேன். தமிழிலும் இழுத்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. (கன்னடப் பிள்ளைகள் முறைப்பார்கள். அவர்கள் பக்கத்து சீட்டில் கன்னடத்தில் சொல்லட்டும்.)

காப்பி விஷயம் தனி ரோதனை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. உடனே எல்லோரும் வார்த்தையை மாற்றி அந்த எண்ணைக் குறைப்பதில் இறங்கிவிட்டார்கள். எடுத்த இடத்தைச் சொல்லாவிட்டால் சாஃப்ட்வேர் பூஜ்யம் காட்டினாலும் திருட்டுதானே? 2019 கடைசியில் ஆய்வு நெறிமுறைப் பாடத்தை 2 கிரெடிட்டாகக் கட்டாயமாக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த 30 மணி நேரத்தில் உட்கார்ந்து எழுதவைக்க எங்கே நேரம்?

உங்கள் துறையில் தனி வகுப்பு இல்லையென்றால் ஜர்னல் கிளப்பை (வெளியான கட்டுரையைச் சேர்ந்து படித்துப் பேசும் கூட்டம்) பயன்படுத்துங்கள். ஒரு கட்டுரையின் படங்களை மட்டும் கொடுத்து, முடிவை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரிஜினலோடு வைத்துப் பாருங்கள். பல சமயம் கட்டுரை எழுதியவர்களைவிட நம் பிள்ளைகள் அடக்கமாக எழுதியிருப்பார்கள்.