விலை ஏறினால் விவசாயிக்கு லாபம்தானே?

கேள்வி: வளரும் நாடுகளில் விவசாயிகள்தான் அதிகம். தானிய விலை ஏறினால் அவர்களுக்கு நல்லதுதானே? பிறகு ஏன் 'விலைவாசி, விலைவாசி' என்று புலம்புகிறோம்?

பதில்: உங்கள் கணக்கில் ஒருவர் விடுபட்டிருக்கிறார். தானியத்தைக் காசு கொடுத்து வாங்கும் விவசாயி!

வளரும் நாடுகளில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஏராளமான குடும்பங்கள், ஆண்டு முழுக்கக் கூட்டிப் பார்த்தால், விற்கும் உணவைவிட வாங்கும் உணவே அதிகம். அறுத்த கையோடு கடனை அடைக்க வேண்டும், அதனால் களத்திலேயே விற்றுவிடுகிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை அப்போது படுத்துக் கிடக்கும். சில மாதம் கழித்து வீட்டில் இருப்பு தீர்ந்ததும், அதே தானியத்தை ஏறின விலைக்கு வாங்குகிறார்கள். அந்த ஏற்றத்தின் லாபம், இடையில் இருப்பு வைக்க முடிந்தவருக்குத்தான். நிலமே இல்லாத கூலி ஆட்களிடம் விற்கவும் எதுவும் இல்லை.

2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் டன் 400 டாலருக்குள் இருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1,000 டாலரை நெருங்கியது. உலகில் நெல் விளைச்சல் ஒன்றும் பொய்த்துவிடவில்லை. இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகள் பதறிப்போய் வாங்கிக் குவித்தன. ஹைட்டியில் கலவரம் வெடித்துப் பிரதமரே பதவி இழந்தார். சரி, விளைவித்தவராவது பிழைத்தாரா? அதே ஆண்டில் உரமும் டீசலும்கூட எகிறின. 2022-லும் உக்ரைன் போரை ஒட்டிக் கோதுமையோடு உரமும் சேர்ந்தே ஏறியது.

'புலம்பல்' என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு வருத்தம். அமெரிக்கக் குடும்பம் சராசரியாக வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடுகிறது. ஏழை நாடுகளில் பல குடும்பங்களுக்கு அது பாதிக்கும் மேல். அங்கே விலை ஏறினால் முதலில் பருப்பும் முட்டையும் குறையும், அப்புறம் ஒரு வேளைச் சாப்பாடே போகும். பெரும்பாலும் அது அம்மாவின் வேளை. பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்துவதும் நடக்கிறது.

விவசாயிக்கு நல்ல விலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அறுவடை மாதத்திலேயே, அரசுக் கொள்முதல் வழியாக, அவர் கைக்கு வர வேண்டும். அவசரப்பட்டு விற்காமலிருக்கக் கிடங்கும், தானியத்தின் பேரில் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். வாங்கித் தின்பவருக்கு நியாய விலையில் அதே தானியம் கிடைக்க வேண்டும். இதற்கு அரசுதான் பணம் போட வேண்டும், அரைவயிற்றுக்காரர் அல்ல.