பலகை உங்க ஷோகேஸ்ல இருக்கு, காய் எங்க?

கேள்வி: எனக்கு 43 வயசு, சொந்த ஊர் உடன்குடி பக்கம் ஒரு கிராமம். இப்ப மேடவாக்கத்துல அபார்ட்மென்ட். பையனுக்கு 12, பொண்ணுக்கு 9. ரெண்டு பேரும் எந்நேரமும் போனும் டேபும்தான். நாங்கல்லாம் நுங்கு வண்டி ஓட்டி, செல்லாங்குச்சி, பம்பரம், கோலின்னு தேரி மணல்ல புரண்டு வளர்ந்தோம், காலைல போனா இருட்டினப்புறம்தான் வீடு. இதையெல்லாம் தினமும் சொல்றேன், காதுலயே வாங்க மாட்டேங்குறாங்க. 2000 ரூபா கட்டி பாரம்பரிய விளையாட்டு வொர்க்‌ஷாப் கூட அனுப்பினேன், ஒரே நாள்ல போர்னு சொல்லிட்டாங்க. போன வருஷம் ஊருக்குப் போனப்ப அம்மாவோட பல்லாங்குழி பலகைய (அவங்க கல்யாணச் சீர்ல வந்தது) எடுத்துட்டு வந்து பாலிஷ் போட்டு, ஹால் ஷோகேஸ்ல எல்இடி லைட்டோட வெச்சிருக்கேன், வர்றவங்கல்லாம் போட்டோ எடுக்குறாங்க, என் பசங்க திரும்பிக் கூட பாக்கல. அம்மாவுக்கு 71 வயசு, ஊர்ல தனியா இருக்காங்க, அங்க டவர் சரியா இல்லாததால பசங்க வர மாட்டேங்குறாங்க. இவங்கள எப்படி மாத்துறது?

பதில்: தம்பி, இந்த லெட்டர் மாசத்துக்கு நாலு வருது எனக்கு. சில லெட்டர்ல நுங்கு வண்டிக்கு பதிலா டயர் வண்டி இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம். அதனால போனப் பத்தி நான் ஒண்ணும் பேசப் போறதில்ல, கவலைப்படாதீங்க எல்லாம் சரியாயிடும்னும் சொல்லப் போறதில்ல.

உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன், ஒரு இடத்துல நின்னுட்டேன். பலகைய "எடுத்துட்டு வந்து"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்க. அம்மா குடுத்தாங்களா, நீங்களா எடுத்தீங்களா? கேட்டுதான் எடுத்தீங்கன்னே வெச்சுக்குவோம், எந்த அம்மா பையன்கிட்ட இல்லன்னு சொல்லுவா. பாலிஷ் பத்தி எழுதியிருக்கீங்க, லைட் பத்தி எழுதியிருக்கீங்க, வர்றவங்க போட்டோ எடுக்குறத எழுதியிருக்கீங்க. காய் பத்தி ஒரு வார்த்த இல்ல. புளியங்கொட்டையா, சோழியா, மஞ்சாடியா? குழிக்கு அஞ்சுன்னு 14 குழிக்கு 70 காய் வேணுமே, அது எங்க? காய் இல்லாத பலகைய திரும்பிப் பாக்கலன்னு பசங்க மேல கோவப்படுறீங்க, அதுல பாக்க என்ன இருக்கு, 14 பள்ளம் இருக்கு.

இன்னொண்ணு கேக்குறேன், சங்கடப்படாதீங்க. உங்களுக்கு பல்லாங்குழி ஆடத் தெரியுமா? தெரியாதுன்னுதான் எனக்கு தோணுது, ஏன்னா நீங்க சொன்ன ஆட்டம் எல்லாமே வெளிய ஓடுற பையனுங்க ஆட்டம். நீங்க தேரிமணல்ல புரண்டுட்டு இருந்தப்ப திண்ணையில, அடுப்படி வாசல்ல உக்காந்து வேலை முடிஞ்ச அரை மணி நேரத்துல பல்லாங்குழி ஆடினது பொம்பளைங்க. (பெரியவளானப்புறம் மூலைல உக்கார வெச்ச நாட்கள்ல தாயமும் பல்லாங்குழியும்தான் எங்களுக்கெல்லாம் தொணை, அந்தக் காலம் ரொம்ப இனிமையா இருந்துச்சுன்னு சொல்றவங்க இதையும் கொஞ்சம் சேத்து சொல்லணும்.) நீங்க இருட்டினப்புறம் வந்தப்ப சோறு சூடா இருந்துச்சுல்ல, நாள் பூரா நீங்க எங்க இருக்கீங்கன்னு யாரும் போன் பண்ணலன்னாலும் தெருவுல யாரோ ஒரு அத்தையோ ஆச்சியோ பாத்துட்டேதான் இருந்தாங்க, அதெல்லாம் உங்க கதைல வர்றதே இல்ல, நுங்கு வண்டி மட்டும் வருது. அந்த வண்டிக்கு கூட முதல்ல யாராவது பனை ஏறி வெட்டிப் போடணும், நுங்க சாப்பிட்டு முடிச்சு கூந்தல் (நுங்கு எடுத்த வெறும் காய்) மிஞ்சணும், நடுவுல குச்சி சொருகி கவட்டைக் கம்பால தள்ள மணல் வேணும். உங்க அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்ல பந்து அடிச்சாலே செக்யூரிட்டி விசில் ஊதுவாரு. இதுல பசங்க தப்பு எங்க வருது?

நான் ஒண்ணும் யோக்கியம் இல்ல. எங்க மாமியாரோட பித்தளை வெத்தலப் பெட்டிய ஆன்டிக் மாதிரி அழகா இருக்குன்னு புளி போட்டு தேச்சு டிவி பக்கத்துல வெச்சவ நானு. அவங்க ஒண்ணும் சொல்லல. அடுத்த நாள்லேர்ந்து வெத்தலைய ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுருட்டி இடுப்புல சொருகிக்கிட்டாங்க, அத நான் கவனிக்கவே ஆறு மாசம் ஆச்சு. அதனாலதான் உங்க லெட்டர்ல அந்த ஒரு வரி என்னைய குத்துது.

71 வயசுல தனியா இருக்குற ஒரு அம்மாகிட்ட பொழுதுபோக்குன்னு இருந்த ஒரு பொருள நீங்க உங்க சின்ன வயசு ஞாபகத்துக்காக தூக்கிட்டு வந்துட்டீங்க. அது உங்க சின்ன வயசு கூட இல்ல, அவங்களோடது. அப்புறம் டவர் இல்லன்னு பசங்க வர மாட்டேங்குறாங்கன்னு எழுதுறீங்களே, 9 வயசு பொண்ணா ரயில் டிக்கெட் எடுக்குறா? வீட்டுல முடிவெடுக்குறது யாரு? ஆச்சியப் பாக்க வர்றியான்னு குழந்தைங்ககிட்ட ஆப்ஷன் குடுக்கக் கூடாது, அது ஹோட்டல் மெனு இல்ல, கிளம்புன்னா கிளம்பணும். இது பழைய காலத்து பேச்சுன்னு திட்டுனா திட்டிக்கோங்க. பழைய காலம் வேணும்னு கேட்டது நீங்கதான.

2000 ரூபாய்க்கு வொர்க்‌ஷாப்ல யாரோ ஒரு பொண்ணு மைக் வெச்சு சொல்லித் தந்தத விட உங்கம்மா நல்லா சொல்லித் தருவாங்க, ஏன்னா அவங்க விட்டுக் குடுக்க மாட்டாங்க. எங்கம்மா பல்லாங்குழில 8 வயசு பேத்திய தோக்கடிச்சு கஞ்சி காய்ச்ச வெச்சு சிரிச்சவங்க, அதான் அந்தக் குழந்தைக்கு வெறி வந்துச்சு, எப்படியாவது ஆச்சியோட பசுவ (ஒரு குழில நாலு காய் சேர்ந்தா அதுதான் பசு) ஒரு தடவையாவது அள்ளணும்னு ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம உக்காந்தா. போட்டி போட ஆள் இருந்தாதான் ஆட்டம்.

கோடை லீவுக்கு ரிசர்வேஷன் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் ஓபன் ஆகுது, காலைல எட்டு மணிக்கு உக்காந்துடுங்க, செந்தூர் எக்ஸ்பிரஸ் மே மாசத்துல சட்டுனு ஃபுல் ஆயிடும். ஒரு வாரம் போதாது, ரெண்டு வாரமாவது இருங்க. முதல் மூணு நாள் டவர் தேடி மொட்டமாடி ஏறுவாங்க, ஏறட்டும், நீங்க கண்டுக்காதீங்க. முக்கியமா நுங்கு வண்டி கதைய மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. பலகைய ஒரு பழைய வேட்டில சுத்தி கூட எடுத்துட்டுப் போங்க, திரும்பி வர்றப்ப அது உங்க பையில இருக்கக் கூடாது. ஷோகேஸ்ல காலி ஆகுற இடத்துல அந்த எல்இடி லைட்டு எரிஞ்சுட்டு கிடக்கட்டும்.

அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. சாப்டியா, மாத்திரை போட்டியான்னு கேட்டு ரெண்டு நிமிஷத்துல வெக்காம, காய் எங்கம்மான்னு கேளுங்க. எங்கயும் போயிருக்காது, ஏதாவது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு மூடி வெச்சிருப்பாங்க.