கொரோனா வந்தால் கிட்னி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்னால் என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, கிட்னி கொடுத்தது மாமியார்தான். இப்போது காய்ச்சல், பரிசோதித்தால் கொரோனா. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரைகளை நிறுத்தினால்தான் உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டும் என்கிறார் கொழுந்தனார். பக்கத்து வீட்டு அக்கா கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்களுக்கு அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், இது அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக. கொழுந்தனார் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதிதான் ஆபத்தே. டேக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு என்று மூன்று மருந்து சாப்பிடுகிறார் இல்லையா, அவை மூன்றும் சேர்ந்துதான் அம்மா கொடுத்த கிட்னியை உடம்பு வேற்றாளாக நினைத்துத் தாக்காமல் பார்த்துக்கொள்கின்றன, அதே மருந்துகளால்தான் கிருமி வந்தாலும் உடம்பு மெதுவாகப் போராடுகிறது. 2020 ஏப்ரலில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் மாண்டிஃபியோர் மருத்துவமனை டாக்டர்கள் தங்களிடம் கொரோனாவோடு வந்த 36 மாற்றுச் சிறுநீரக நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்; மூன்று வாரத்துக்குள் 28 சதவீதம் பேர் இறந்துபோயிருந்தார்கள். அது தடுப்பூசியே இல்லாத காலம், இன்றைய நிலைமை அவ்வளவு மோசமில்லை, ஆனால் மற்றவர்களுக்குச் சளி மாதிரி வந்துபோவது இவர்களை இன்றும் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கலாம்.

அதனால் டாக்டர்களே மருந்தைக் குறைப்பது உண்டு. வழக்கமாக முதலில் கைவைப்பது மைக்கோஃபினோலேட்டில்தான். டேக்ரோலிமஸை நோயின் தீவிரத்தைப் பார்த்துத்தான் தொடுவார்கள். ஸ்டீராய்டை மட்டும் சட்டென்று நிறுத்தவே கூடாது, பல மாதமாகச் சாப்பிட்டு வந்தவருக்கு அது திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கி ஆள் சுருண்டு விழலாம். எதை, எத்தனை நாள், எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் நெஃப்ராலஜிஸ்ட், அதாவது சிறுநீரக டாக்டர், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து எடுக்கிற முடிவு. வீட்டில் உட்கார்ந்து எடுத்தால் கொரோனா போயிருக்கும், கூடவே கிட்னியும் போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். உடம்பில் நீர் வற்றினால், ரத்தத்திலிருந்து கிட்னி வடிகட்டவேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறும், அது தவிர வயிற்றுப்போக்கு நேரத்தில் டேக்ரோலிமஸ் ரத்தத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சேரும், கிட்னிக்கு அதுவும் கெடுதல். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். உடம்பு வலிக்கிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கபசுரக் குடிநீர்? அக்காவின் அன்புக்கு நன்றி சொல்லிவிட்டுக் கீழே ஊற்றிவிடுங்கள். அதில் சீந்தில் இருக்கிறது, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்றுதான் அதைச் சேர்க்கிறார்கள். நாம் மூன்று வருடமாக மாத்திரை போட்டு அடக்கி வைத்திருப்பதே அந்தச் சக்தியைத்தான்!

கேள்வி: எனக்கும் மாற்றுச் சிறுநீரகம்தான். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பாக்ஸ்லோவிட் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். கொரோனா வந்தால் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், மதுரை

பதில்: நீங்களாகப் போடவே போடாதீர்கள். கொரோனாவுக்கு நல்ல மருந்துதான், ஆனால் அதில் இருக்கும் ரிட்டோனவிர், டேக்ரோலிமஸைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் வேலையை முடக்கிவிடும், ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் டேக்ரோலிமஸின் அளவு பல மடங்கு ஏறி, கை நடுங்கி, கிட்னி திணறத் தொடங்கும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் டேக்ரோலிமஸை நிறுத்திவைத்து, அளவு பார்த்துப் பார்த்து மறுபடி தொடங்குவார்கள், அது ஆஸ்பத்திரியின் கண்காணிப்பில் நடக்கவேண்டிய காரியம். பல டாக்டர்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே மூன்று நாள் ரெம்டெசிவிர் ஊசி போட்டுவிடுகிறார்கள். அண்ணன் தந்த டப்பாவை அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு தடுப்பூசி அப்போதே போட்டாயிற்று. அது போதாதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மற்றவர்களுக்குப் போதும் என்று சொன்ன காலத்திலேயே உங்களைப் போல மாற்று உறுப்போடு இருப்பவர்களுக்குப் போதவில்லை. 2021-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரைப் பரிசோதித்தபோது, இரண்டு டோஸுக்குப் பிறகும் 46 சதவீதம் பேருக்குக் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியே உருவாகவில்லை. அந்த ஆகஸ்டிலேயே அங்கே இவர்களுக்கு மூன்றாவது டோஸுக்கு அனுமதி வந்தது. இங்கே அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. கூடுதல் டோஸ் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது சளி, இருமல் என்றால் குணமாகும்வரை அவர் வேறு அறையில் படுக்கட்டும், நீங்களும் மாஸ்க் போடுங்கள், பேரப்பிள்ளையாக இருந்தாலும் சரி.