20 வயது டிஃபென்ஸ்மேன்: இப்போதே கான்ட்ராக்டா, முதலில் பட்டமா?

கேள்வி: மிசிசாகாவில் இருக்கிறோம். மகனுக்கு 20 வயது. ஐஸ் ஹாக்கியில், ஓஎச்எல் ஜூனியர் லீக்கில் நான்கு சீசன் டிஃபென்ஸ்மேனாக (தடுப்பாட்டக்காரனாக) ஆடி முடித்துவிட்டான். உச்சத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) யாரும் எடுக்கவில்லை. இப்போது அதற்கு இரண்டு படி கீழான ஈசிஎச்எல் லீக்கின் அணி ஒன்று கையெழுத்துப் போடச் சொல்கிறது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக அணியும் கூப்பிடுகிறது. "ஊர் ஊராக மாறி ஆடினாலும் பரவாயில்லை, ஹாக்கிதான் என் தொழில்" என்கிறான். இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்றே எங்களுக்குத் தெரியாது. என்ன சொல்வது?

பதில்: என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும். மகனின் ஆசை தவறு என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆசை நிறைவேறுவதற்கே இதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன்.

அவன் சொல்லும் தொழில் உண்மையிலேயே இருக்கிறது. அணி அணியாக மாறி, ஒரு வருடக் கான்ட்ராக்ட்டிலேயே பத்துப் பதினைந்து வருடம் ஓட்டுபவர்களை அங்கே ஜர்னிமேன் என்பார்கள். டெரிக் எங்கலண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 டிராஃப்டில் ஆறாவது சுற்றில் நியூ ஜெர்சி அணி எடுத்தது. அந்த அணிக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. லாஸ் வேகஸ், சவுத் கரோலினா, ரெடிங் என்று ஈசிஎச்எல் ஊர்கள், பிறகு ஹெர்ஷி, வில்க்ஸ்-பாரி என்று, என்எச்எல்லுக்கு ஒரு படி கீழான ஏஎச்எல் ஊர்கள். 2009 நவம்பரில் பிட்ஸ்பர்குக்காக முதல் என்எச்எல் ஆட்டம் ஆடும்போது வயது 27. அதற்கப்புறம் 600-க்கு மேற்பட்ட என்எச்எல் ஆட்டங்கள் ஆடினார். ஒரு காலத்தில் ஈசிஎச்எல்லில் ஆடிய அதே லாஸ் வேகஸுக்கு, 2017-இல் புதிதாக வந்த என்எச்எல் அணியின் வீரராகத் திரும்பினார்.

மகன் இந்தக் கதையைச் சொல்லித்தான் உங்களிடம் வாதாடுவான். சரிதான், ஆனால் அதில் 27 என்ற எண்ணைக் கவனிக்கச் சொல்லுங்கள். டிஃபென்ஸ்மேன் மெதுவாகத்தான் முதிர்வான். வேகமாக வரும் எதிரணி ஃபார்வர்டுக்கும் (தாக்குதல் வீரர்) தனக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது, நெருக்கடியில் பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) எடுத்து யாருக்குத் தள்ளுவது என்பதெல்லாம் நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகுதான் கண்ணுக்குப் பழகும். அணிகளுக்கும் இது தெரியும். அதனால் 20 வயதில் போகாவிட்டால் எல்லாம் போச்சு என்ற பயம் வேண்டாம். 24 வயதில் பட்டத்தோடு வரும் டிஃபென்ஸ்மேனையும் ஈசிஎச்எல் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, குடும்பங்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு கணக்கு. ஈசிஎச்எல் அணி ஒன்றில் 260 தொழில்முறை ஆட்டம் தாண்டிய 'வெட்டரன்'கள் நாலு பேர்தான் இருக்கலாம். ஒரு சீசனுக்கு 72 ஆட்டம். இப்போதே தொடங்கி விடாமல் ஆடினால் நாலு சீசன் முடிந்ததும், அதாவது 24 வயதிலேயே, உங்கள் மகன் அந்த நாலு இடத்துக்குப் போட்டி போட வேண்டும். மேலே இருக்கும் ஏஎச்எல்லிலும் இதே மாதிரி ஒரு விதி. ஆட்டத்தில் இறக்கும் 18 பேரில் (கோல்கீப்பர்கள் சேர்த்தி இல்லை) குறைந்தது 13 பேர் 'வளரும் வீரர்'களாக இருக்க வேண்டும். அவர்களில் 12 பேர் 260 ஆட்டத்துக்குள்ளும், ஒருவர் 320-க்குள்ளும் ஆடியிருக்க வேண்டும். அங்கே என்எச்எல், ஏஎச்எல், ஐரோப்பாவின் மேல்மட்ட லீக் ஆட்டங்களைக் கணக்கில் எடுப்பார்கள். பல்கலைக்கழக ஆட்டம் எந்தக் கணக்கிலும் வராது. நாலு வருடம் வளர்ந்த பிறகும் எண்ணிக்கை பூஜ்யத்தில் நிற்கும். சராசரியான ஒரு டிஃபென்ஸ்மேனுக்கு இது பெரிய சொத்து.

ஓஎச்எல் வீரர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கதவு திறந்ததே அண்மையில்தான். அதுவரை ஓஎச்எல்லில் ஆடினாலே தொழில்முறை வீரர் என்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ ஒதுக்கிவிடும். 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தடை இல்லை. ஆனால் தொழில்முறைக் கான்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும் அபாயம் உண்டு. 'சும்மா ஒரு சீசன் போய்ப் பார்க்கட்டும்' என்பது இதில் சரிவராது. இந்த ஒரு காரணத்துக்காகவே கையெழுத்தை அவசரப்பட்டுப் போடவேண்டாம் என்கிறேன்.

ஓஎச்எல்லில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புக்கான உதவித்தொகை உண்டு. உங்கள் மகனுக்கு நாலு வருடம். அதற்குக் காலக்கெடுவும், கான்ட்ராக்ட் போட்டால் என்ன ஆகும் என்ற நிபந்தனையும் இருக்கும். அவனுடைய ஒப்பந்தத்தில் அது எப்படி இருக்கிறது என்று அணி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க இடம் ஒத்துவராவிட்டால் கனடியப் பல்கலைக்கழக அணிகள் இருக்கின்றன. ஜூனியர் முடித்த வீரர்கள் நிறையப் பேர் அங்கே படித்துக்கொண்டே ஆடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு அவன் ஈசிஎச்எல்தான் என்று நின்றால், அங்குள்ள வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு போகட்டும். சம்பளம் வாரக்கணக்கில். அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் நின்றுவிடும். வீடு அணி கொடுக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு தொடர்ந்து மூன்று ஆட்டம், நடுவே இரவெல்லாம் பஸ். கோடைக்கு வேறு வருமானம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் இருப்பது எந்த வகைக் கான்ட்ராக்ட் என்பதையும் பாருங்கள். ஈசிஎச்எல் கான்ட்ராக்ட் மட்டும் என்றால், ஏஎச்எல் அணிக்கு ஆள் தேவைப்படும்போது 25 ஆட்டத்துக்கான 'ட்ரைஅவுட்'டில் கூப்பிடலாம். அது முடிந்தால் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். ஏஎச்எல் கான்ட்ராக்ட் அதைவிட நல்லது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்எச்எல்லில் இறங்க முடியாது, அதற்குத் தனியாக என்எச்எல் கான்ட்ராக்ட் வேண்டும். அந்த என்எச்எல் கான்ட்ராக்ட்டும் 'டூ-வே' என்றால் மேலே ஆடும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழே ஆடும் நாளுக்கு வேறு சம்பளம். 2025-26 சீசனில் மேலே குறைந்தபட்சம் வருடத்துக்கு 7,75,000 அமெரிக்க டாலர். கீழே அதில் சிறு பங்குதான். ஓர் என்எச்எல் அணியில் 23 பேருக்குத்தான் இடம், ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஆறு டிஃபென்ஸ்மேன்கள். ஏழாவது, எட்டாவது ஆளாகக் காத்திருப்பவரின் வருமானம் யாருக்கு அடிபட்டது என்பதைப் பொறுத்தது. இதைச் சொல்லவே எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

மேலே போனவர்களுக்கும் நிரந்தரம் கிடையாது. லூக் ஷென் 2008-இல் ஐந்தாவது ஆளாக டிராஃப்ட் ஆனவர். பத்து வருடம் என்எச்எல்லில் ஆடிய பிறகு, 2018-19-இல் அவரையே ஏஎச்எல்லுக்கு இறக்கினார்கள். அவர் விடவில்லை. 2020, 2021 என்று டாம்பா பே அணியோடு இரண்டு முறை என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை வென்றார்.

ஐரோப்பாவும் ஒரு வழி. அங்கே பல அணிகள் வரி போக மிஞ்சும் சம்பளத்தோடு வீடும் காரும் தரும். ஆனால் வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. 20 வயதில், சாதனைப் பட்டியல் இல்லாமல் அந்த இடம் கிடைப்பது கடினம். பட்டம் முடித்தவனுக்கு பிரிட்டனில் ஒரு வசதி இருக்கிறது: அங்கே சில அணிகள் ஆட்டத்தோடு முதுகலைப் படிப்புக்கும் ஏற்பாடு செய்கின்றன.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்: தம்பி வலது கை ஷாட்டா, இடது கை ஷாட்டா? வலது கை டிஃபென்ஸ்மேன்கள் குறைவு, அதனால் கிராக்கி அதிகம். வலது கை என்றால், கல்லூரிப் பயிற்சியாளரிடம் முதல் வருடம் எத்தனை நிமிடம் ஆட வைப்பீர்கள் என்று தைரியமாகவே கேட்கலாம். எந்தக் கையானாலும், கல்லூரியில் எத்தனை வருடம் ஆடத் தகுதி மிச்சம் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்காமல் ஈசிஎச்எல் அணிக்கு 'இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள்.