துருப்பிடித்த காருக்குப் புதுத் தகடு: கேள்வி பதில்

திருவான்மியூர் வாசகர்: அம்பாசிடர் காரின் பின்சக்கர வளைவு உதிர்ந்துவிட்டது. புதுத் துண்டை எப்படித் தட்டி உருவாக்குவது?

பதில்: துரு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், பளிச்சென்ற இரும்பு வரும்வரை வெட்டிய பிறகே அளவெடுங்கள். எதிர்ப்பக்க வளைவு நன்றாக இருந்தால், அதில் அட்டை வைத்து வடிவமெடுத்துத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். முதலில் மணல் மூட்டையின் மேல் மரச் சுத்தியலால் தட்டிப் புடைப்பை வரவழைத்து, அடியில் டாலி (தட்டுக்கு எதிராகப் பிடிக்கும் இரும்புக் கட்டி) பிடித்துச் சமப்படுத்துங்கள். உள்நோக்கி மடங்கும் விளிம்பை அதற்குப் பின்னரே தொடங்க வேண்டும். குழிந்த வளைவின் விளிம்பு மடங்கும்போது சுருங்குவதில்லை, நீள்கிறது. ஆகவே அதை ஒரே மூச்சில் மடக்கினால் தகடு கிழியும். முனைக்கு முனை சிறிது சிறிதாகச் சாய்த்து, பல நடைகளில் மடக்குங்கள். வெட்டிய ஓரத்தை முன்பே அரத்தால் மழுக்கிவிடுங்கள். விரிசல் சிறு பிசிறிலிருந்துதான் கிளம்பும்.

பெரம்பூர் வாசகர்: எத்தனை கேஜ் (தடிமன் எண்) தகடு?

பதில்: பெரும்பாலும் 20 கேஜ், ஏறத்தாழ 0.9 மி.மீ.; பழைய தகட்டை அளந்து உறுதிசெய்யுங்கள்.

தாம்பரம் வாசகர்: வீட்டில் மிஞ்சிய துத்தநாகம் பூசிய தகடு உதவுமா?

பதில்: வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இரும்பு உருகுவதற்கு வெகுமுன்பே புகையாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்க்காய்ச்சல் வரும், பற்றவைப்பிலும் (வெல்டிங்) துளை விழும்.

அம்பத்தூர் டிங்கர் ஒருவர்: தகட்டின் மேல் தகடு ஏற்றிப் பற்றவைப்பதே உறுதி. ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் ஓட்டை விழுகிறது.

பதில்: உறுதியை நான் மறுக்கவில்லை. இருபுறமும் கை எட்டி சீலர் (இடுக்கை அடைக்கும் பசை) பூச முடிகிற தளத்தில் ஏற்றி வைப்பதில் தவறில்லை. ஆனால் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியின் உட்புறத்தை யார் பூசுவது? இரு தகடுகளின் இடுக்கில் மழைநீர் தங்கும், அதோடு நம் கடற்கரையின் உப்புக்காற்றும் சேரும்.

அதே டிங்கர்: ஓட்டைக்கு என்ன பதில்?

பதில்: பற்றவைக்கும் பொட்டுகளை அடுத்தடுத்து வைக்காமல், தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பிறகு நடுவை நிரப்புங்கள். ஓரங்கள் நெருங்கிப் பொருந்தியிருந்தால் ஓட்டை விழுவது அரிது. மேலும், ஓரத்தோடு ஓரம் சேர்த்த தையலைச் சுத்தியும் டாலியும் கொண்டு தட்டி நிமிர்த்தலாம். இரட்டைத் தகட்டில் அது எளிதல்ல.

வியாசர்பாடி வாசகர்: துருவின் மேல் பட்டி வைத்தால் போதாதா?

பதில்: போதாது. முதல் பதிலை மீண்டும் படியுங்கள்: பளிச்சென்ற இரும்பு வரும்வரை வெட்ட வேண்டும்.

கொளத்தூர் வாசகர்: துருவை மாற்றும் திரவம் பூசிவிட்டுப் பட்டி வைத்தால்?

பதில்: ஓட்டை விழுந்த இடத்தில் திரவம் எதன் மேல் நிற்கும்? வெட்டுங்கள்.

வேளச்சேரி வாசகர்: என் காரின் எஞ்சின் சூடாகிறது.

பதில்: மெக்கானிக்கைக் கேளுங்கள்.

அடையாறு வாசகர்: கதவுக்குக் கீழுள்ள பகுதியைப் புதிதாக அடைத்தபின் கவனிக்க வேண்டியது உண்டா?

பதில்: பழைய தகட்டின் அடியில் இருந்த வடிகால் துளைகளை அதே இடங்களில் புதிய தகட்டிலும் விடுங்கள். பற்றவைப்புச் சூட்டில் உட்புறப் பெயிண்ட் எரிந்திருக்கும். அத்துளைகளின் வழியாக மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சி, வழிந்தபின் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பியால் குத்திப் பாருங்கள்.